டோக்கன் அக்காவும் கனமான பைகளும்

அந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்குள் பையோடு யாரும் நுழைய முடியாது. வாசலை ஒட்டி ஒரு நீளமான மேசை. அதற்குப் பின்னால் கூரைவரை இரும்பு அடுக்குகள், அடுக்குகளில் முந்நூற்று இருபது கட்டங்கள். பையைக் கொடுத்தால் எண் பொறித்த தகர வில்லை ஒன்று கிடைக்கும். வில்லையைத் திருப்பிக் கொடுத்தால் பை கிடைக்கும். அந்த மேசைக்குப் பின்னால் காலை எட்டிலிருந்து மாலை நான்குவரை நின்றவளை மாணவர்கள் டோக்கன் அக்கா என்று கூப்பிட்டார்கள். பேராசிரியர்களும் அப்படித்தான். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. மாதம் ஒருமுறை கையெழுத்துப் போடும்போது அவளே அதை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

அதற்கு முன் பதினொரு வருடம் அவள் பைத் தொழிற்சாலையில் ஜிப் வைத்துத் தைத்தாள். ஒரு நாள் முதலாளி இயந்திரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். தைத்தவர்கள் தெருவில் நின்றார்கள். நூலகத்துக்கு ஆள் எடுத்த ஒப்பந்தக்காரர், "பையைப் பத்தி ஏதாவது தெரியுமா?" என்று கேட்டபோது, "பையைத் தவிர வேற எதுவும் தெரியாதுங்க" என்றாள். அவர் சிரித்தார். அவரைச் சிரிக்கவைக்க அவள் அப்படிச் சொல்லவில்லை.

பை அவளுக்கு அத்துப்படி. தோள்வார் எப்போதும் மேலே அறுந்துபோகாது, அடியில்தான் முதலில் விடும். சட்டம் படிப்பவர்களின் பைக்கு மூலை கிழியும். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் பையை வேறு யாரோ அடுக்கித் தந்திருப்பார்கள், மூன்றாம் வாரத்தில் அந்த ஒழுங்கு கலையும். ஒரு பையைத் தூக்கி மேல்தட்டில் வைப்பதற்குள் உள்ளே இருப்பது என்ன என்று அவள் கைக்குத் தெரிந்துவிடும். புத்தகக் கனம் வேறு, துணிக் கனம் வேறு. புத்தகம் கையைக் கீழே இழுக்கும். துணி உடம்போடு சாய்ந்துகொள்ளும்.

அந்த வருடம் பழைய விடுதிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் கூரைக் காரை பெயர்ந்து ஒரு கட்டிலின்மேல் விழுந்தது. நல்ல வேளை, கட்டிலுக்குரியவள் குளிக்கப் போயிருந்தாள். பொறியாளர்கள் வந்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், மஞ்சள் நாடா கட்டிவிட்டுப் போனார்கள். ஆறு மாதத்தில் சரிசெய்து திறப்போம், அதுவரை மாணவர்கள் சொந்த ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். நானூறு பேர் ஒரே வாரத்தில் அறை தேடிப் புறப்பட்டால் என்ன ஆகும்? சுற்றுவட்டாரத்தில் வீடு வைத்திருந்தவர்கள் காற்றுள்ளபோதே தூற்றிக்கொண்டார்கள். இருவர் இருந்த அறைக்குள் நால்வர் போனார்கள். வாடகையில் நாலில் ஒரு பங்குக்கும் வழியில்லாதவர்கள் எங்கே போனார்கள் என்று எந்தத் தாளும் சொல்லவில்லை.

அக்காவின் கைக்குத்தான் அது முதலில் தெரிந்தது. காலையில் கதவு திறக்கும் முன்பே ஏழெட்டுப் பேர் படியில் காத்திருந்தார்கள். தேர்வு நெருங்கினால் இப்படி வருவது உண்டு. ஆனால் அது பாடம் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகாத சமயம், அவர்கள் கொடுத்த பைகளும் உடம்போடு சாய்ந்தன. நான்கு மணிக்கு அவள் வீட்டுக்குக் கிளம்பும்போதும் அவை அங்கேயே இருந்தன.

"இதெல்லாம் எப்பங்க எடுத்துட்டுப் போறாங்க?" என்று மாலை வேலைக்கு வருபவரிடம் கேட்டாள். அவர் முன்பு எங்கோ காவலாளியாக இருந்தவர். பேச்சைக் காசு கொடுத்து வாங்குவதுபோல அளந்து பேசுவார்.

"மூடுற வரைக்கும் இருக்கும்" என்றார். "கடைசியா அதுங்கதான் கிளம்பும்."

பைகளே நடந்துபோவதுபோல அவர் சொன்னது அவள் மனதில் தங்கிவிட்டது.

ஒரு நாள் காலையில் நீலப் பை ஒன்றை வாங்கி உயர்த்தும்போது அதன் தோள்வார் அடியோடு பிய்ந்துகொண்டு வந்தது. பைக்குரியவள் வேதியியல் முதுகலை இறுதியாண்டு படிப்பவள். நெடுநெடுவென்று வளர்ந்த பெண். பதறிப்போய் மேசையைச் சுற்றி உள்ளே வரப் பார்த்தாள்.

"இரும்மா, நான் தைச்சு வைக்கிறேன். மதியம் வந்து பாரு."

"வேணாம்கா. அப்படியே வெச்சிடுங்க."

"அப்படியே வெச்சா சாயங்காலம் எப்படித் தூக்குவே? தலையிலயா?"

அந்தப் பெண்ணுக்கு ஆய்வகத்துக்கு நேரமாகிவிட்டது. பையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், போய்விட்டாள். அடித்தையலைப் போட வேண்டுமென்றால் பையைத் திறந்துதான் ஆக வேண்டும். மேலாக ஒரு தலையணை உறை, அதற்குள் மாற்றுத் துணிகள். மடித்த போர்வை. சோப்புப் பெட்டி, குவளை, மூடி இறுக்கிய எண்ணெய்ப் புட்டி. ஈரம் பரவாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய துண்டு. அடியில் இரண்டு குறிப்பேடுகள். ஒரு மனுஷி குடியிருக்கத் தேவையானது எல்லாம் இருந்தது, வீட்டைத் தவிர. அக்கா மெழுகு தடவிய நூலால் இரட்டைத் தையல் போட்டு, எடுத்ததை எடுத்த வரிசையிலேயே வைத்து மூடினாள்.

மதியம் அந்தப் பெண் வந்தாள். "ஊருக்குப் போறேன்கா. அதான் துணியெல்லாம்."

"நேத்தும் ஊருக்குத்தான் போனியா?"

பெண் வில்லையை விரல்களுக்குள் புரட்டினாள்.

"முந்தாநாளும்?"

பெண் மேசையின் விளிம்பைச் சுரண்டினாள். பிறகு சொன்னாள். மூன்று தோழிகளின் அறைகள், முறை வைத்துப் படுக்கிறாள். ஓர் அறைக்கு வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் போனால் அந்த வீட்டு உரிமையாளர் முகம் சுளிப்பார். மிஞ்சும் நாளில் பேருந்து நிலையத்தில் பெண்கள் காத்திருக்கும் அறை. விடியலில் கிளம்பும் பேருந்துக்கு, பக்கத்து நிறுத்தம்வரைக்கும் ஒரு சீட்டு எடுத்துக் கையில் வைத்துக்கொண்டால் காவலர் எழுப்ப மாட்டார்.

"வீட்ல தெரியுமா?"

"ஹாஸ்டல்ல இருக்கேன்னு நினைச்சிட்டு இருக்காங்க. தெரிஞ்சா அப்பா அன்னிக்கே வந்து கூட்டிட்டுப் போயிடுவார்கா. இன்னும் ஆறு மாசம்தான். ப்ராஜெக்டை முடிச்சிட்டா போதும்."

அக்காவின் வீடு இரண்டு பேருந்து மாறிப்போகும் தூரத்தில், ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதி. கூடம், சமையலறை, பின்னால் ஒரு சின்ன அறை. மகள் வேறு ஊரில் செவிலியாக வேலைக்குப் போன பிறகு அந்த அறைக் கட்டிலில் கணவரின் சாமான்கள் குடியேறியிருந்தன. அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். "ஊரையே மேல ஏத்திவிடறேன், நான் மட்டும் தரையிலயே கிடக்கேன்" என்பது அவர் ஆண்டுக்கணக்காகச் சொல்லும் ஒரே நகைச்சுவை.

அக்கா விஷயத்தைச் சொன்னதும் அவர் அந்த நகைச்சுவையைச் சொல்லவில்லை. "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதே" என்றார். "இது என்ன நம்ம வீடா? வாடகை வீட்டுக்குள்ள இன்னொரு குடியா?"

"குடியில்லைங்க. ஒரு பொண்ணு. ஒரு பை."

"மேல இருக்கறவங்க கேட்டா?"

"அக்கா பொண்ணுன்னு சொல்லிக்கலாம்."

அவர் கொஞ்ச நேரம் மீசையை நீவினார். பிறகு எழுந்துபோய்க் கட்டிலில் கிடந்த இரும்புக் கயிற்றுச் சுருளையும் பல்சக்கரங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து சமையலறை மூலைக்கு மாற்றினார்.

அந்தப் பெண் பத்தொன்பது நாள் இருந்தாள். வந்த புதிதில் இருக்கும் இடமே தெரியவில்லை. காலையில் எழுந்ததும் போர்வையை மடித்துப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிடுவாள். "இங்கேயே வெச்சிட்டுப் போயேன்மா, யாரு எடுக்கப்போறா?" என்றால் தலையாட்டுவாள், மறுநாளும் மூடுவாள். பல் துலக்கும் பிரஷ்ஷைக்கூடத் துடைத்து உள்ளே போட்டுக்கொள்வாள். கணவர் ஒரு நாள் கெட்டுப்போன சுவிட்ச் ஒன்றைப் பிரித்துவைத்துக்கொண்டு திணறியபோது, அதில் படிந்த பச்சைக் களிம்பு என்ன, எதைப் போட்டால் போகும் என்று அவள் சொன்னாள். போயிற்று. அன்றிலிருந்து அவர் சாப்பிடும்போது, "வேதியியல் சாப்பிட்டாச்சா?" என்று கேட்கத் தொடங்கினார்.

பன்னிரண்டாம் நாள் காலையில் குழாயடிக் குவளையில் மூன்று பிரஷ் நின்றன. அக்கா பார்த்தாள். அன்று பேருந்தில் உட்கார இடம் கிடைக்காததுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் மாலையில் மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா இறங்கி வந்தார். வாசலில் கிடந்த செருப்புகளை ஒரு பார்வை பார்த்தார்.

"விருந்தாளியா?"

"அக்கா பொண்ணும்மா. படிக்கிறா."

"அப்படியா? உங்களுக்குக் கூடப்பிறந்தவங்க யாருமே இல்லைன்னு போன வருஷம் நீங்கதானே சொன்னீங்க?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் சொல்லும் பொய்க்கு ஆயுள் அவ்வளவுதான்.

"நான் யாரையும் போன்னு சொல்லல" என்றார் வீட்டுக்கார அம்மா. குரலில் கோபமே இல்லை. "ஒப்பந்தத்துல ரெண்டு பேருன்னு இருக்கு. அடுத்த மாசம் அதைப் புதுப்பிக்கணும். ஞாபகம் இருக்கட்டும், அதான் சொல்ல வந்தேன்."

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். அக்காவுக்கு இருந்ததும் இன்னொருவர் வளைதான். என்ன சொல்லலாம், எப்படி ஆரம்பிக்கலாம் என்று வாய்க்குள் வார்த்தைகளைப் புரட்டிக்கொண்டே அவள் உள்ளே போனாள். சொல்ல வேண்டியிருக்கவில்லை. அறைக் கதவு திறந்திருந்தது, பை மூடியிருந்தது. குழாயடிக் குவளையில் இரண்டு பிரஷ்தான் இருந்தன.

"பரவாயில்லைக்கா. இந்த வாரம் சிநேகிதி ரூம்ல இடம் இருக்கு" என்றாள் அந்தப் பெண்.

இடம் இல்லை என்று இருவருக்குமே தெரியும்.

கணவர் வேலையிலிருந்து வந்து காலிக் கட்டிலைப் பார்த்தார். "மேல போய் நான் பேசட்டுமா?" என்றார். "பேசி?" என்றாள் அக்கா. அவர் சட்டையைக் கழற்றி மாட்டினார். இரும்புக் கயிற்றுச் சுருள் மட்டும் அதன்பிறகும் சமையலறை மூலையிலேயே கிடந்தது.

வீட்டில் இடம் கொடுக்க முடியாதவள் தன் அதிகாரத்தில் இருந்த இடத்தைக் கொடுத்தாள். நூலகத்து அடுக்கின் மேல் மூன்று வரிசைகள். நூலகம் மூடிய பிறகு எந்தப் பையும் உள்ளே இருக்கக் கூடாது என்பது விதி. அக்கா மாலைக்காரரிடம் பேசினாள். அவர், "நான் பூட்டறப்ப மேல பாக்கறதில்ல. கழுத்து வலி" என்றார். தூங்க இடம் இல்லாவிட்டாலும், மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்ற வேண்டாம் அல்லவா? வேதியியல் பெண் முதலில் வைத்தாள். அவள் வாய்வழியே மற்றவர்களுக்குத் தெரிந்தது. மாத முடிவில் பத்தொன்பது, அதற்கடுத்த மாதம் முப்பத்தொன்று. யார் எவர் என்று அக்கா எழுதிவைக்கவில்லை. வில்லைகளை மாட்டும் பலகையில் முந்நூற்று இருபது ஆணிகள் உண்டு. நூலகம் காலியாகிப் பூட்டிய பிறகும் வில்லை இல்லாமல் நிற்கும் ஆணிகள்தான் கணக்கு.

மழைக்காலம் வந்ததும் ஈரத் துண்டுகள் காட்டிக்கொடுத்துவிட்டன. ஒரு பேராசிரியர் மூக்கைப் பிடித்துக்கொண்டு புகார் செய்தார். நூலகர் இறங்கிவந்து மேசைக்குப் பின்னால் நுழைந்தார். கெட்டவர் அல்ல, ஆனால் ஓய்வுபெற இரண்டு வருடமே இருந்ததால் எதற்கும் பயந்தார். அடுக்குகளுக்குப் பின்னால் கம்பியில் வரிசையாகத் துண்டுகள் தொங்கின.

"இது நூலகமா, சத்திரமா?" என்றார்.

"சத்திரமா இருந்தா படுக்கவும் இடம் குடுத்திருப்பேன் மேடம்" என்றாள் அக்கா.

அந்த வாயால்தான் அவள் மேலே அழைக்கப்பட்டாள். ஒரு நீள்வட்ட மேசை, ஐந்து பேர். நடுவில் மாணவர் நல அதிகாரி, அவர் முன்னால் தடித்த கோப்பு. விதியை மீறியதற்கு விளக்கம் கேட்டார். அக்கா சொன்னாள். அவர் கோப்பைத் தட்டினார்.

"எங்க பதிவேட்டுல ஒவ்வொரு மாணவருக்கும் முகவரி இருக்கும்மா. தங்க இடம் இல்லாதவங்கன்னு ஒருத்தர்கூட இல்ல."

"முகவரி இருக்குங்க சார். அந்த முகவரியில அவங்கதான் இல்ல."

அதிகாரி கோப்பை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"எத்தனை பேருன்னு சும்மா ஒரு குத்துமதிப்பா சொல்றீங்களா?"

"முப்பத்தொண்ணு. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு முன்னாடி வாங்க சார். பூட்டுத் திறக்கறதுக்குள்ள நீங்களே எண்ணிப் பாருங்க."

"பேர் சொல்லுங்க."

"பேர் தெரியாதுங்க. எனக்கு எல்லாரும் நம்பர்தான்."

அது பொய். ஆனால் இந்த முறை முகம் மாறாமல் சொன்னாள்.

அதிகாரி உண்மையிலேயே வந்தார். ஏழே முக்காலுக்கு வந்து பலகைக்கு முன்னால் நின்று வெற்று ஆணிகளை விரலால் தொட்டு எண்ணினார். ஒருமுறை எண்ணிவிட்டு, மறுபடியும் கீழிருந்து மேலாக எண்ணினார். முப்பத்தொன்று. மேல்தட்டுப் பைகளை அண்ணாந்து பார்த்தார். வெளியே படியில் அந்தப் பைகளின் சொந்தக்காரர்கள் கதவு திறக்கக் காத்திருந்தார்கள். அவர் அவர்களைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு காரியங்கள் நடந்தன. ஆனால் அக்கா நினைத்த வரிசையில் நடக்கவில்லை. பைகளுக்குரியவர்கள் ஒவ்வொருவராக அழைக்கப்பட்டு ஒரு படிவத்தை நிரப்பினார்கள். அவர்களுக்குப் படுக்க இடம் தருவதற்கு முன் பல்கலைக்கழகம் தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள விரும்பியது. முப்பத்தொரு வீட்டுக்கும் ஒரு கடிதம் போயிற்று: உங்கள் பிள்ளைக்கு இங்கே நிலையான தங்குமிடம் இல்லை என்று அறிகிறோம், இதற்கு நிர்வாகம் பொறுப்பாகாது.

ஐந்தாம் நாள் ஒரு மனிதர் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். சரக்கு வண்டி ஓட்டுபவர் என்பது அவர் கைத் தோலில் தெரிந்தது. உயரத்தைப் பார்த்ததுமே அக்காவுக்கு யாரென்று விளங்கிவிட்டது.

"என் பொண்ணோட பை இங்க இருக்காமே?"

"டோக்கன் இருந்தாத்தான் தர முடியும்ங்க. அவ ஆய்வகத்துல இருப்பா. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. ஒரு மணி நேரம் அப்படியே நின்றார். மாணவர்கள் பையைக் கொடுப்பதையும் வாங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை மட்டும், யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்:

"வாரா வாரம் கேப்பேன், ஹாஸ்டல் சாப்பாடு எப்படிம்மா இருக்குன்னு. நல்லா இருக்குன்னுவா. ஞாயித்துக்கிழமை முட்டை போடறாங்கன்னுகூடச் சொன்னா."

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பெண் படிக்கட்டில் ரொட்டியைப் பிட்டுத் தின்பதை அக்கா பார்த்திருந்தாள்.

பெண் வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. அவர் திட்டவில்லை. "கிளம்பலாம்மா" என்றார். அவள் வில்லையை மேசைமேல் வைத்தாள். அக்கா பையை இறக்கிக் கொடுத்தாள்.

"உங்களை யாருக்கா சொல்லச் சொன்னது?" என்றாள் பெண், மெல்லிய குரலில். "மேல வெச்சிருந்தா போதும்னுதானே நான் கேட்டேன்? இன்னும் மூணு மாசம். மூணே மாசம்."

"இப்படி ஆகும்னு நான்…"

"நீங்க எங்களை எண்ணிக் குடுத்துட்டீங்க."

அப்பா பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவர்கள் போய்விட்டார்கள். வரிசையில் நின்ற அடுத்த மாணவன் தன் பையை நீட்டிக்கொண்டு இருந்தான். அக்கா அதை வாங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அந்த மாதக் கடைசியில் பழைய விளையாட்டுக் கூடத்தில் நாற்பது கட்டில்கள் போட்டார்கள். நடுவே துணித் தடுப்பு, இரு பக்கமும் தனித்தனிக் கதவு. இருபத்தாறு பேர் அங்கே போனார்கள். வேதியியல் பெண்ணோடு சேர்த்து மூவர் வீட்டுக்குத் திரும்பினார்கள். இரண்டு பேர் என்ன ஆனார்கள் என்று தெரியவில்லை. அவர்கள் பைகளை எடுத்துக்கொண்டதோடு சரி. அக்காவுக்கும் மாலைக்காரருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மாலைக்காரர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "கழுத்து வலி இப்ப தேவலை" என்றார்.

"நல்லது பண்ணினேனா, கெட்டது பண்ணினேனா?" என்று அக்கா கணவரிடம் கேட்டாள்.

"ரெண்டும்" என்றார் அவர். "லிஃப்ட்ல ஒருத்தர் ஏறணும்னா எதிர்ப்பக்கம் எடைக்கல்லு இறங்கணும்." இதை அவர் நகைச்சுவையாகச் சொல்லவில்லை. அவளுக்கு ஆறுதலாகவும் இல்லை.

நான்கு மாதம் கழித்து வாய்மொழித் தேர்வுக்கு அந்தப் பெண் வந்தாள். ஆய்வின் மிச்சத்தை ஊரிலிருந்தே எழுதி முடித்திருந்தாள். ஆசிரியர் பரிந்துரைத்ததால் மூன்று நாள் விளையாட்டுக் கூடத்தில் கட்டில் கிடைத்திருந்தது. நூலகத்துக்கு வந்து, வேறு யாரையும் போலப் பையை நீட்டினாள். புதிய பை, சிறியது. புத்தகக் கனம். அக்கா வில்லையைக் கொடுத்தாள்.

பெண் நகரவில்லை.

"சிறுசு சிறுசா நிறைய சோதனை விட்டுப்போச்சு. இங்கேயே இருந்திருந்தா பண்ணியிருப்பேன்" என்றாள். "சுமாராத்தான் வரும்."

"ம்."

"உங்க மேல நான் இன்னும் கோவமாத்தான்கா இருக்கேன்."

"இரு" என்றாள் அக்கா.

பெண் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். தேர்வில் தேறினாள், சுமாராகத்தான். பிறகு தண்ணீரின் தரம் பார்க்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதாக மாலைக்காரர் யாரிடமோ கேட்டுவந்து சொன்னார். பழைய விடுதி இன்னும் திறக்கவில்லை, மஞ்சள் நாடாவை மட்டும் இருமுறை மாற்றிவிட்டார்கள். அக்காவின் வீட்டு ஒப்பந்தம் மறுவருடமும் புதுப்பிக்கப்பட்டது. இரண்டு பேர் என்றுதான் அதிலும் எழுதியிருந்தது. கையெழுத்துப் போடும் முன் அவள் அந்த வரியை இரண்டு முறை படித்தாள். பிறகு போட்டாள்.